வண்டியில் அடிபட்ட வீட்டுப் பூனை, பின்கால் எழவில்லை: இன்றிரவு என்ன செய்வது, பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

தேவிபட்டினம்_நிலா (இரவு 8:12)

வீட்டுப் பெண் பூனை. வயது இரண்டு, எடை மூன்றரைக் கிலோ. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் மோதிவிட்டது. முன்கால்களை ஊன்றுகிறது, பின்பக்கம் இழுபடுகிறது, வால் துவண்டு தொங்குகிறது. தொடையில் தோல் கிழிந்திருக்கிறது, ரத்தம் அதிகமில்லை. சத்தமே போடாமல் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. அத்தை மஞ்சள் பத்து போடச் சொல்கிறார். வலிக்குப் பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாம் என்கிறார் அண்ணன். கால்நடை மருந்தகம் காலையில்தான் திறக்கும். அதுவரை தாங்குமா?

பாம்பன்கரை (இரவு 8:19)

மாத்திரையை எடுத்து உள்ளே வையுங்கள் தங்கச்சி. முதல் வேலை அதுதான். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் போனாலே நஞ்சேறிய பூனைகள் உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு என்றால் 125. உங்கள் பூனையின் எடைக்கு அது கிலோவுக்கு 35-ஐத் தாண்டும். ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால்தான் பலன். டைக்ளோஃபெனாக், புரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம்.

அடுத்தது மூச்சு. கிட்டே போகாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். படுத்திருக்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை இயல்பு. 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு எக்கினாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. மோதிய வேகத்தில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உடைந்த எலும்பு இரண்டு மூன்று நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே இருந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சத்தம் போடாமல் படுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனை வலியை மறைக்கும். மறைவாகப் போய்ச் சுருண்டுகொள்வதுதான் அதன் கதறல். அடிபட்ட அதிர்ச்சியில் மனிதருக்கு நாடி வேகமாகும். பூனைக்கோ பல நேரம் இதயத்துடிப்பு குறையும், உடம்பும் குளிர்ந்துபோகும். காது நுனியும் பாதமும் சில்லென்றிருந்தால் போர்வை போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், உடம்பில் ஒட்டி வேண்டாம். பாலோ தண்ணீரோ ஊட்ட வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

கீழக்கரை_காக்கா (இரவு 8:27)

வெளியே எடுக்கும் முறையைச் சொல்கிறேன். கையை நீட்டிப் பிடித்து இழுக்க வேண்டாம், கட்டிலையே நகர்த்துங்கள். கெட்டியான அட்டையோ, கேரம் போர்டோ, பெரிய தாம்பாளமோ உடம்புக்குப் பக்கத்தில் தரையோடு வைத்து, ஒரு கையால் தோளையும் ஒரு கையால் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து அதன் மேல் நகர்த்துங்கள். முதுகெலும்பு வளையக் கூடாது. தூக்கித் தோளில் போடுவதும், முன்கால் இரண்டையும் பிடித்துத் தூக்குவதும் முறிந்த இடுப்பெலும்பை இன்னும் விலக்கிவிடும்.

பலகையோடு அப்படியே மீன் பெட்டியிலோ காய்கறிக் கூடையிலோ வைத்து மேலே துணி போட்டு மூடுங்கள். இருட்டாக இருந்தால் பயம் குறையும். மூச்சு கொஞ்சம் சிரமமாகத் தெரிந்தால் தலைப்பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும்.

கையில் தடிமனான டவல் சுற்றிக்கொள்ளுங்கள் நிலா. மடியில் வளர்ந்த பூனையும் வலியில் கடிக்கும். கடித்து ரத்தம் வந்தால் குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பூனை மூலமாகவும் வெறிநோய் வரும். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்த கடி என்றால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடக் கூடாது.

தேவிபட்டினம்_நிலா (இரவு 8:51)

கேரம் போர்டில் வைத்துப் பெட்டிக்குள் வந்துவிட்டது காக்கா. மூச்சு நிமிடத்துக்கு 34. ஈறு வெளிர் ரோஸ், அழுத்தினால் நிறம் உடனே திரும்புகிறது. படுத்த இடம் லேசாக ஈரம், சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது. சிறுநீர் போகிறது என்றால் அந்தப் பக்கம் பயமில்லைதானே?

உச்சிப்புளி_அல்லி (இரவு 9:03)

சொட்டுச் சொட்டாக ஒழுகுவதை சிறுநீர் கழிப்பதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. துவண்ட வாலையும் அதையும் சேர்த்துப் பார்த்தால் வேறு சந்தேகம் வருகிறது. வண்டிச் சக்கரம் வாலைப் பிடித்து இழுத்தால் வால் எலும்பு விலகும்போது பக்கத்தில் ஓடும் நரம்புகளும் இழுபடும். சிறுநீர்ப்பைக்கும் ஆசனவாய்க்கும் போவது அதே நரம்புக் கட்டுதான். பை தானாகச் சுருங்காது, நிரம்பி வழிகிறபோது சொட்டும். பார்ப்பவர்கள் போகிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உள்ளே பை ஊதிக்கொண்டே போய், சுவர்த் தசை நைந்து, பிறகு நரம்பு தேறினாலும் பை தேறாமல் போய்விடும். பின்கால் போன பூனைகளைப் பல நேரம் பலிவாங்குவது இந்தக் கவனக்குறைவுதான்.

ஆனால் இன்றிரவு நீங்கள் வயிற்றை அழுத்தவே கூடாது. பை கிழிந்திருந்தால் அழுத்தம் அதைப் பெரிதாக்கும். கிழியவில்லை என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகு, அவர் கையாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். முறை இது:

பூனையை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இடது கையால் நெஞ்சைத் தாங்கிக்கொள்ளுங்கள். வலது கைக் கட்டைவிரல் ஒருபக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம், தொடைக்கு முன்னால் அடிவயிற்றைப் பிடியுங்கள். எலுமிச்சை அளவில் உருண்டையாகப் பை தட்டுப்படும். விரல் நுனியால் குத்தாமல், விரல்களின் தட்டைப் பகுதியால் மெதுவாக அழுத்தத்தைக் கூட்டி, வாலின் பக்கமாகத் தள்ளியபடி ஐந்து முதல் பத்து நொடி பிடித்திருங்கள். சிறுநீர் தாரையாக வரும். பை தளர்ந்ததும் நிறுத்துங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். மூன்றரைக் கிலோ பூனைக்கு ஒரு நாளில் மொத்தம் 70 முதல் 140 மில்லி வரை எதிர்பார்க்கலாம். பை கல்லுப்போல இருந்தும் மிதமான அழுத்தத்துக்கு வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆண் பூனைக்குச் சிறுநீர்த்தாரை குறுகல் என்பதால் இந்தச் சிக்கல் அதிகம்.

ரத்த நிறம், கலங்கல், கெட்ட வாடை மூன்றில் எது வந்தாலும் கிருமித் தொற்றாக இருக்கலாம். சிறுநீரைச் சிரிஞ்சில் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

பாம்பன்கரை (இரவு 9:10)

மூச்சு 34, ஈறு சரி என்றால் அரை மணிக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டே விடியும் வரை இருக்கலாம். 40-ஐத் தாண்டினால் கிளம்பிவிடுங்கள். விடிந்ததும் ஊர் மருந்தகத்தில் காத்திருந்து நேரம் போக்காமல், எக்ஸ்ரே எடுக்க வசதி இருக்கிற இடம் ராமநாதபுரத்தில் எது என்று இப்போதே போனில் கேட்டு வையுங்கள். உங்களுக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு ஐம்பத்தைந்து, அதற்கு மேல் மதுரை என்றால் இன்னும் நூற்றுப்பதினைந்து. இந்தக் கரையில் முடிவெடுக்கும்போது தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1962 எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது. கேட்டுப் பார்க்கலாம், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எக்ஸ்ரேயில் நெஞ்சையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பை மட்டும் எடுத்துவிட்டு மயக்க மருந்து கொடுத்த பிறகு நெஞ்சில் கோளாறு தெரிந்தால் பயனில்லை.

சாயல்குடி_வேலி (இரவு 9:32)

எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடிந்தால் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பத்துப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவோம், கூடிவிடும். பூனைக்கும் அதையே செய்யலாமே? எதற்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டும்?

பாம்பன்கரை (இரவு 9:45)

வேலி அண்ணே, ஆட்டுக்குட்டிக்கு முழங்காலுக்குக் கீழே ஒடிந்தால் அந்தக் கட்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. முறிவுக்கு மேலே ஒரு மூட்டும் கீழே ஒரு மூட்டும் அசையாமல் பிடித்தால்தான் எலும்பு கூடும். தொடையெலும்பிலும் இடுப்பிலும் முறிவு இருந்தால் மேல்மூட்டு உடம்புக்குள் இருக்கிறது, கட்டுக்குள் வராது. கட்டின் கனம் முழுவதும் முறிவுக்குக் கீழே தொங்கி, ஒவ்வொரு அசைவிலும் உடைந்த முனை சதையைக் குத்தும். பூனைத்தோலும் மெல்லியது. நம் கடற்காற்றின் ஈரத்தில் பத்து காயாமல் உள்ளே புழுங்கி, கட்டைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

மருத்துவர் காலில் பாதம் வரை கட்டுப் போட்டு அனுப்பினால் நடு இரண்டு விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். இரண்டு நகமும் விலகி விரிந்தால் உள்ளே வீக்கம். சில்லிட்டாலோ வாடை வந்தாலோ அன்றே பிரிக்க வேண்டும்.

உச்சிப்புளி_அல்லி (இரவு 10:05)

புண்ணைப் பற்றி. நிலா, மஞ்சள் வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அது கெடுதலான பொருள் என்பதால் அல்ல. அப்பிவிட்டால் புண்ணின் ஆழமும் நிறமும் மருத்துவருக்குத் தெரியாது, ரோமத்தோடு ஒட்டிக்கொண்டால் கழுவி எடுப்பதும் பாடு. கடல் தண்ணீரால் கழுவுவதும் நம் ஊரில் வழக்கம், அதுவும் கூடாது. கடலில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. புண்ணுக்குத் தாங்குவது 9 கிராம்தான். மருந்துக்கடையில் 500 மில்லி சலைன் பாட்டில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தூள் உப்பு, தட்டையாக வழித்த ஒன்றரை டீஸ்பூன். 20 மில்லி சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவுங்கள். தேய்க்காதீர்கள். பிறகு பொவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசல் என்றால் அரை லிட்டருக்கு 10 மில்லி கலந்து ஒருமுறை ஊற்றினால் போதும்.

டெட்டால் கூடாது, நக்கினால் பூனைக்கு நஞ்சு. ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல சதையையும் அரிக்கும். புழு வைத்துவிட்டால் டர்பன்டைன், பூச்சி உருண்டை, மண்ணெண்ணெய், மாட்டுக்குப் போடும் புழு மருந்து இதெல்லாம் பூனையைக் கொன்றுவிடும். நாய் உண்ணிக்கான பெர்மெத்ரின் தெளிப்பும் அப்படித்தான். ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு பொரிக்கிற ஊர் இது, மீன் காயும் களத்துப் பக்கத்து வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே புழு வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, கூண்டின் மேல் கொசுவலை போர்த்தி ஈயை அண்டவிடாமல் வைப்பதே வழி. வந்துவிட்டால் சலைன் பீய்ச்சி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், மிச்சத்தை மருத்துவர் மயக்கி எடுப்பார்.

மண்டபம்_தங்கூசி (இரவு 10:20)

இழைக்கு நடுவே ஒரு கேள்வி. இங்கே வண்டியைவிட அதிகம் வருவது தூண்டில் முள். வாயிலிருந்து தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) தொங்கிக்கொண்டு வரும் பூனைக்கு என்ன செய்வது?

கீழக்கரை_காக்கா (இரவு 10:31)

இழுக்கவே கூடாது தம்பி. முள் தொண்டையிலோ இரைப்பையிலோ மாட்டியிருக்கும்போது நரம்பை இழுத்தால் கொளுவி (முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் கூர்) கிழித்துக்கொண்டே வரும். முள் இல்லாமல் நரம்பு மட்டும் உள்ளே போயிருந்தாலும் ஆபத்துதான். ஒரு முனை நாக்கடியில் சுற்றி, மறுமுனை குடலில் ஓட, குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி அறுபடும். வெளியே ஒரு சாண் விட்டு வெட்டி, கழுத்துப் பட்டையில் ஒட்டுங்கள். மருத்துவருக்கு அந்த நுனி வேண்டும். முள் உலோகம் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியும், நரம்பு தெரியாது. அதனால் எந்த முள், எவ்வளவு நீள நரம்பு என்று சொல்லுங்கள், அதே மாதிரி முள் ஒன்று கையில் இருந்தால் கொண்டுபோங்கள். உதட்டில் மட்டும் ஏறியிருந்தால் வந்த வழியே பிடுங்காமல், முன்னே தள்ளிக் கொளுவியை வெட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மயக்க ஊசி இல்லாமல் விழித்திருக்கும் பூனைக்கு அது நடக்காது.

தேவிபட்டினம்_நிலா (மறுநாள் பகல் 1:40)

விடியும் வரை மூச்சு 34-ஐத் தாண்டவில்லை. எக்ஸ்ரே ஆயிற்று. நெஞ்சு சுத்தம். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, அதிகம் விலகவில்லை. வால் எலும்பு அடியில் விலகல். வாலின் அடிப்பகுதியைக் கிள்ளினால் திரும்பிப் பார்த்துச் சீறுகிறது, நுனியில் உணர்ச்சியில்லை. பை கிழியவில்லை, குழாய் போட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். அறுவை வேண்டாம், கூண்டு ஓய்வு என்கிறார் மருத்துவர். வீட்டில் இரண்டு கருத்து: படுத்தே கிடக்கும் பூனையை வதைக்காமல் உயிரை அடக்கும் ஊசி போட்டுவிடலாம் என்கிறார் மாமா. பத்து வயதுப் பிள்ளை அழுது நிற்கிறது.

உச்சிப்புளி_அல்லி (பிற்பகல் 2:05)

திரும்பிப் பார்த்துச் சீறியதா? மாமாவிடம் அதையே சொல்லுங்கள். காலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் அனிச்சை, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தலை திரும்பினால், சீறினால், கடிக்க வந்தால் வலி மூளைக்குப் போகிறது. வாலடியில் உணர்ச்சி இருக்கும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும். நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். அதற்குள் தானாகக் கழிக்கத் தொடங்காவிட்டால் திரும்பும் வாய்ப்பு குறைவு. அப்போது குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம். இப்போது முடிவெடுப்பது அவசரம்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்: இடுப்பு உடைந்திருக்கிறது, கூண்டில் இருக்கும், தேறலாம், தேறாமலும் போகலாம். மூச்சு எண்ணும் வேலையை அதனிடமே கொடுங்கள். ஒரு நோட்டில் மணி, மூச்சு, சாப்பிட்ட கிராம், சிறுநீர் மில்லி நான்கையும் எழுதட்டும். மருத்துவருக்கும் அது உதவும்.

பின்னால் ஒருவேளை அந்த ஊசிதான் முடிவென்றாலும் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கட்டும். முதலில் மயக்கம் கொடுக்கச் சொல்லுங்கள், பிறகு ரத்தக்குழாயில் போடும் மருந்தில் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். கண் மூடாது, அடங்கிய பிறகும் ஒரு மூச்சு இழுப்பு வரலாம், சிறுநீர் கழியலாம். வலியால் அல்ல. புதைப்பது மேட்டு நிலத்தில், கிணற்றுக்குத் தள்ளி, மூன்றடிக்கு மேல் ஆழத்தில். தேரி மணலை நாய் எளிதில் தோண்டும், உடம்பில் இருக்கும் மருந்து அதைத் தின்னும் நாயையும் காக்கையையும் கொல்லும்.

கீழக்கரை_காக்கா (பிற்பகல் 2:30)

கூண்டு மூன்றடிக்கு இரண்டடி, உயரம் இரண்டடிக்கு மேல் வேண்டாம், உயரம் இருந்தால் தாவப் பார்க்கும். நான்கு முதல் ஆறு வாரம். இரண்டாம் வாரமே எழுந்து நடக்கும், அப்போதுதான் எல்லாரும் திறந்துவிடுவார்கள். எலும்பு அதற்குள் கூடியிருக்காது, ஒரு தாவலில் விலகிவிடும்.

அடியில் ரப்பர் விரிப்பு, மேலே நாலாக மடித்த பழைய நூல் சேலை. தானாகப் புரள முடியாதவரை நாலு மணிக்கொருமுறை பக்கம் மாற்றுங்கள், இல்லையென்றால் இடுப்பு முனையில் படுக்கைப்புண் வரும். சிறுநீர் பட்ட ரோமத்தைக் கழுவித் துடைத்து வாஸ்லினை மெல்லிசாகத் தடவுங்கள். கூண்டுக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், எறும்பு புண்ணைத் தேடி ஏறும். கடற்கரை மணலைத் தட்டில் கொட்ட வேண்டாம், ஈரப்புண்ணில் ஒட்டும். கிழித்த செய்தித்தாள் போதும், தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்துங்கள். தகரக் கூரைக்கடியில் நண்பகலில் வைக்காதீர்கள், நகர முடியாத பூனையால் நிழல் தேடிப் போக முடியாது.

உணவு நாளைக்குச் சுமார் 180 கலோரி. முள் நீக்கி அவித்த விளைமீனோ பாறையோ 170 கிராம் அளவு, நாலைந்து வேளையாக. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்பு மீன் கூடாது. கருவாடும் வேண்டாம். பச்சை மீனும் வேண்டாம், சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் போய்விடும். இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாமல் விட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். மீனைச் சூடாக்கி மூக்கருகில் காட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாம் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பாம்பன்கரை (பிற்பகல் 3:15)

மருந்து விஷயத்தில் இரண்டு. மெலாக்சிகாம் என்ற வலி மருந்துச் சொட்டு எழுதியிருந்தால் பாட்டிலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். பூனைக்கானது 0.5, நாய்க்கானது 1.5. கடையில் மாற்றிக் கொடுத்தால் மூன்று மடங்கு உள்ளே போகும். சாப்பிடாத, தண்ணீர் குடிக்காத நாளில் அதைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள், சிறுநீரகம் கெடும். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை என்றால் பின்னாலேயே 5 மில்லி தண்ணீர் சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகக் கொடுக்க வேண்டும். உலர்ந்து உணவுக்குழாயில் ஒட்டினால் அந்த இடம் புண்ணாகிச் சுருங்கிவிடும்.

நான்காம் வாரம் மறுபடி எக்ஸ்ரே. மலம் இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இடுப்பு வளையம் உள்ளே மடிந்து கூடினால் வழி குறுகும், இரண்டு நாள் மலம் போகாவிட்டால் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். உணர்ச்சி திரும்பாத வால் இழுபட்டுப் புண்ணானால் எடுத்துவிடலாம், வாலில்லாமல் பூனை நன்றாகவே வாழும்.

பெண் பூனை என்று எழுதியிருந்தீர்கள். குறுகிய இடுப்பில் குட்டி வெளியே வராது, சிக்கித் தாயும் போய்விடும். எலும்பு கூடியதும் அடுத்த பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிடுங்கள். நான்காம் வார எக்ஸ்ரேக்குப் போகும்போதே அதற்கும் தேதி வாங்கிவிடுங்கள்.